டயப்பர் வாங்கும் முன் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

மகனுக்கு அப்போது நாலாம் மாதம். விடிகாலையில் தொட்டிலில் இருந்து தூக்கி, ராத்திரி முழுக்கக் கட்டியிருந்த துணி டயப்பரின் பட்டனைக் கழற்றினேன். குப்பென்று ஒரு நெடி கிளம்பி என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாதாரண மூத்திர வாடை இல்லை. நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மூக்கைத் துளைக்குமே, அந்த நெடி. பிள்ளையின் தொடை இடுக்கு தக்காளித் தோல் மாதிரி சிவந்து கிடந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதே பன்னிரண்டு டயப்பர்களைத்தான் அம்மா வீட்டிலும் கட்டினேன். அங்கே வாடையும் இல்லை, புண்ணும் இல்லை. அதே பிள்ளை, அதே டயப்பர், அதே சோப்புத் தூள். மேலூர்ப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டில் இருந்து மூன்றாம் மாதம் என்னையும் பிள்ளையையும் மதுரை ஆனையூருக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். மாறியது அது ஒன்றுதான். வீடு மாறியதில் எது வினையாகிப் போனது என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது. தண்ணீர்.

துணி டயப்பர் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் எந்தக் கம்பெனி நல்லது, எத்தனை வாங்கணும் என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இப்போது என்னிடம் யாராவது கேட்டால், உங்கள் வீட்டில் என்ன தண்ணீர், துணியை எங்கே காயப்போடுவீர்கள் என்று அந்த இரண்டைத்தான் முதலில் கேட்கிறேன்.

பேறுகாலத்துக்கு முன்பே ஆன்லைனில் பன்னிரண்டு பாக்கெட் டயப்பர் வாங்கி வைத்திருந்தேன். ஒன்று நானூறு ரூபாய் விழுந்தது. வெளிப்பக்கம் தண்ணீர் கசியாத துணி, உள்பக்கம் பிள்ளையின் தோலில் படும் மெத்தென்ற துணி, இரண்டுக்கும் நடுவில் ஒரு பை. அந்தப் பைக்குள் ஈரத்தை உறிஞ்சும் பட்டையைச் செருகணும். வெளித்துணி பாலியஸ்டர். அதன் உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற மெல்லிய படலத்தை ஒட்டியிருப்பார்கள். பியூஎல் என்று போட்டிருப்பது இதைத்தான். முன்பக்கப் பட்டன்களை மாற்றி மாற்றிப் போட்டு, பிள்ளை வளர வளர அதே டயப்பரைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

பிறந்த அன்றே போடலாம் என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். என் பிள்ளை பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு கிராம். ஆகச் சிறிய அளவுக்குப் பட்டன் போட்டும், தொடையைச் சுற்றி என் விரல் மூன்று நுழையும் அளவுக்கு இடைவெளி. அவன் ஐந்து கிலோவைத் தொடும்வரை அது ஒழுங்காக உட்காரவே இல்லை. பிறந்த குழந்தைக்கென்று தனியாகச் சின்ன அளவு டயப்பர்கள் உண்டு. ஆனால் சில வாரத்துக்காக அந்தப் பணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அம்மாச்சி அந்தக் காலத்தை இரண்டு வேட்டியில் கடத்திவிட்டார்.

"தாயி, ஒங்க தாத்தா வேட்டி ரெண்ட எடுத்தா. பழசா, நல்லா நஞ்சதா எடு" என்றார். ஓரத்தில் பல்லால் கடித்து ஒரு கீறல் போட்டு, இரண்டு கையாலும் சரக்கென்று இழுத்தார். நூல் பிடித்து நேர்கோடாகக் கிழிந்தது. கத்தரி போட்டிருந்தால்கூட அவ்வளவு நேராக வந்திருக்காது. ஒரு நாலு முழ வேட்டியில் இரண்டடிச் சதுரமாக ஆறு துணி. அதை முக்கோணமாக மடித்து, பிள்ளையை நடுவில் கிடத்தி, கீழ்முனையைக் காலுக்கிடையில் கொண்டுவந்து, இரண்டு பக்க முனைகளையும் வயிற்றின் மேல் ஒரு தளர்ந்த முடிச்சாகப் போட்டுவிடுவார். அரைஞாண் கயிறு கட்டிய பிறகு முடிச்சும் இல்லை, கயிற்றில் ஒரு செருகல்தான். முதல் இரண்டு மூன்று நாள் காட்டுப்பீ, பிறந்த பிள்ளை முதலில் போகும் மலம், தார் மாதிரி கருகருவென்று ஒட்டும். துணி கட்டும் முன் பிள்ளையின் பின்பக்கத்தில் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவிவிட்டால் ஈரத்துணியால் ஒரு துடைப்பில் வந்துவிடும். கறை போகாத துணியைத் தூக்கிப் போடவும் மனசு கஷ்டப்படாது, பழைய வேட்டிதானே.

வெறும் துணியில் இன்னொரு நன்மையும் இருந்தது. முதல் பிள்ளை. பால் போதுகிறதா, போதவில்லையா என்று அந்த வாரம் முழுக்க எனக்கு அடிவயிற்றில் பயம். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒண்ணுக்குப் போனால் பால் போதுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு தடவை போட்டுத் தூக்கியெறியும் கடை டயப்பர் போட்டிருந்தால் எத்தனை தடவை போனான் என்றே தெரிந்திருக்காது. நனைந்த துணிகளை வாளியில் எண்ணிப் பார்ப்பேன். ஒன்பது, பத்து, பதினொன்று. அந்த எண்ணிக்கை எனக்குக் கொடுத்த தைரியத்தை வேறு எதுவும் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் தாண்டியதும் பாக்கெட் டயப்பருக்கு மாறினேன். அம்மா வீட்டுக் கிணறு பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. நல்ல தண்ணீர். சோப்பு போட்டால் நுரை பொங்கும், அலசினால் போய்விடும். கொடியில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். இவ்வளவுதானா துணி டயப்பர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனையூர் வீட்டில் துணி துவைப்பதெல்லாம் போர் தண்ணீரில். மாநகராட்சித் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்று குடிக்க, சமைக்கப் பிடித்துவைப்பதோடு சரி. போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எங்கள் குளியலறைக் குழாயைப் பார்த்தாலே தெரியும், வாயைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். சோப்பு அழுக்கை எடுக்கும் வேலையைச் செய்யாமல், துணியின் நூலிடுக்கில் போய்ப் படிந்துகொள்ளும். தூளும் அந்தத் தண்ணீரில் பாதி வேலைதான் செய்யும். அதற்கு மேல் நான் ஒரு தப்பும் செய்தேன். டயப்பருக்குச் சோப்புத் தூள் குறைவாகப் போடணும் என்று யாரோ சொன்னதை நம்பி, மற்ற துணிக்குப் போடுவதில் பாதிதான் போட்டேன். அழுக்கும் முழுதாகப் போகவில்லை, மூத்திரமும் முழுதாகப் போகவில்லை. மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றிவிடும். பட்டைக்குள் பழைய மூத்திரமும் கிருமியும் தங்கியிருந்தால், புதிதாக நனைந்ததும் அந்த வேலை வேகமாக நடக்கும். என் கண்ணை எரித்தது அதுதான். பிள்ளையின் தோலைப் பொசுக்கியதும் அதுதான்.

உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க லேப் எல்லாம் வேண்டாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்குக் குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். குளிக்கும் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை எழும்பி நின்று, அடியில் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலை இல்லை. நுரை சரியாக எழும்பாமல், தண்ணீர் மோர் மாதிரி கலங்கி மேலே ஆடை ஆடையாக மிதந்தால் அது உப்புத் தண்ணீர். துணி சோப்பை வைத்துப் பார்க்காதீர்கள். அதில் பல நேரம் டிடர்ஜென்ட் கலந்திருக்கும், சரியாகக் காட்டாது.

எங்கள் வீட்டுப் பாட்டிலில் மோர்தான் தெரிந்தது. சலவை சோடா போட்டுப் பார்த்தேன். தண்ணீர் மென்மையானது உண்மைதான், ஆனால் பிரிந்த சுண்ணாம்பு துணி மேலேயே வெள்ளையாகப் படிந்து, துணி சொரசொரவென்று ஆனது. பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரிலும் அலசிப் பார்த்தேன். பட்டுச்சேலைக்கு அது நல்லது, இந்த அழுக்குக்குப் பத்தவில்லை. கடைசியில் உதவியது மாநகராட்சித் தண்ணீர்தான். இரண்டு குடத்தை ஒதுக்கி, கை பொறுக்கும் சூட்டில் வைத்து, சோப்புத் தூளைத் தாராளமாகப் போட்டு, பட்டைகளை மட்டும் ஆறு மணி நேரம் ஊறவைத்தேன். தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது. துவைத்துக் காயவைத்து மடித்துவைத்த துணியில் இருந்து அவ்வளவு வந்தது. அலசி, மறுபடி ஊறவைத்து, மறுபடி அலசினேன். வாடை போய்விட்டது. மூன்று வாரத்தில் திரும்பவும் வந்தது.

என் டயப்பரோடு வந்த பட்டைகள் மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழைத் துணி, மூன்று அடுக்காகச் சேர்த்துத் தைத்தவை. வேகமாக உறிஞ்சும், அதில் குறையில்லை. ஆனால் தைத்த அடுக்குக்குள்ளே போன அழுக்கை எங்கள் தண்ணீரில் வெளியே கொண்டுவர முடியவில்லை. அப்போதுதான் அம்மாச்சியின் வேட்டித் துணி ஞாபகம் வந்தது. டயப்பரைத் தூக்கிப் போடவில்லை, உள்ளே செருகும் பட்டையை மட்டும் மாற்றினேன். விளக்குத்தூண் பக்கம் நாலு புது வேட்டி, சாதாரணப் பருத்தி வேட்டி, நாலு முழம் வாங்கினேன். புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல்கடை ஒன்றில் கொடுத்து, சதுரமாக வெட்டி ஓரம் அடித்து வாங்கினேன். இருபத்து நாலு துணி. இரண்டடிச் சதுரத்தை நீளவாக்கில் நாலாக மடித்து, பிறகு பாதியாக மடித்தால் ஓரடி நீளம், அரையடி அகலம், எட்டு மடிப்பு. பைக்குள் கச்சிதமாக உட்காரும். துவைக்கும்போது விரித்துவிட்டால் ஒற்றைத் துணி. தண்ணீர் எப்படிப்பட்டதாக இருந்தாலும் ஒற்றைத் துணிக்குள் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்டால், அடுத்த துணியைக் கொடியில் போட்டு முடிப்பதற்குள் முதல் துணி காய ஆரம்பித்திருக்கும்.

புது வேட்டியை அப்படியே மடித்துச் செருகிவிடாதீர்கள். கஞ்சி இருக்கும், பருத்திக்கு இயல்பாக இருக்கும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். முதல் தடவை நனைத்தபோது தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஐந்தாறு தடவை துவைத்த பிறகுதான் குடிக்க ஆரம்பித்தது. சணல் மாதிரி ஒரு நாரில் நெய்த ஹெம்ப் துணிக்கும் இதேதான், இன்னும் இரண்டு துவைப்பு கூடவே கேட்கும். பழைய சுங்குடிச் சேலையையும் வெட்டிப் போடலாம், ஆனால் சாயம் துளிகூட விடாத அளவுக்கு வெளுத்துப்போன சேலையாக இருக்கணும்.

இப்போது எங்கள் வீட்டு முறை இதுதான். ராத்திரி டயப்பரைக் காலையில் கழற்றிய கையோடு குழாயடியில் பிடித்துப் பிழிந்துவிடுவேன். இதை ஒரு நாளும் விடுவதில்லை. மற்றவற்றை ஓட்டைக் கூடையில் ஈரமாகவே போட்டுவைப்பேன். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் நாறும், எலாஸ்டிக்கும் நைந்துவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் துவைப்பு. மெஷினில் முதலில் கொஞ்சம் தூள் போட்டு ஒரு சின்ன ஓட்டம், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு முழு அளவுத் தூளோடு பெரிய ஓட்டம். எங்கள் தண்ணீருக்கு மற்ற துணிக்குப் போடுவதைவிட ஒரு கரண்டி கூடவே போடுகிறேன். கடைசி அலசல் மட்டும் மாநகராட்சித் தண்ணீரில், கையால். வாசனைக்குப் போடும் கம்ஃபர்ட் மாதிரித் திரவங்களைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. அது நூலின் மேல் மெழுகு மாதிரி படிந்து, துணி தண்ணீரைக் குடிக்காமல் செய்துவிடும். பியூஎல் மேலுறையைக் கொதிநீரில் போடாதீர்கள், படலம் பிரிந்துவிடும். துணிகள் உச்சி வெயிலில், மேலுறைகள் நிழலில். ஈரமான மேலுறையை எலாஸ்டிக்கில் தொங்கவிடாமல் கொடியின் மேல் மடித்துப் போடுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும்போது போகிற மஞ்சள் கறை, ஈரத்தோடு வெயிலில் போட்டால் தானாக வெளுத்துவிடும். எந்த மருந்தும் வேண்டாம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் ஆறு மாதம் வரை கக்காவைத் தனியாக எடுக்கத் தேவையில்லை, தண்ணீரில் கரைந்துவிடும். சோறு, பருப்பு ஊட்ட ஆரம்பித்த பிறகு கதை வேறு. கழிப்பறையில் தட்டிவிட்டு, பீச்சுக் குழாயால் அடித்துவிட்டு அப்புறம்தான் கூடையில் போடணும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்ன செய்வது என்று என் அத்தைக்குப் பெரிய கவலை. "அந்தக் காலத்துல நாங்க அடுப்பு மேல கொடி கட்டித்தான்ம்மா காயப்போடுவோம்" என்றார். எங்களுக்கு ஃபேன் இருந்தது, ஒற்றை வேட்டித் துணி ஒரு ராத்திரியில் காய்ந்தது. அடுக்குப் பட்டைகளோடு இருந்திருந்தால் அந்த மாதத்தில் திண்டாடியிருப்பேன். மழையால் ஒரு லாபமும் கிடைத்தது. மாடித் தூம்பில் முதல் கால் மணி நேரத் தண்ணீரை விட்டுவிட்டு, பிறகு அண்டாவில் பிடித்தேன். அதில் அலசிய துணி, அம்மா வீட்டில் அலசியது மாதிரி பஞ்சாக இருந்தது.

கசிவைப் பற்றிச் சொல்லணும். மாட்டுத்தாவணியில் இருந்து மேலூர் பஸ்ஸில் ஒருநாள் போனேன். பிள்ளை மடியில். ஒத்தக்கடை தாண்டுவதற்குள் என் சேலை நனைந்துவிட்டது. டயப்பர் சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா வீட்டில் அவனைப் பாயில் படுக்கவைத்துக் கழற்றிப் பார்த்தேன். பட்டை பாதிகூட நனையவில்லை. எலாஸ்டிக்கின் சிவப்புத் தடம் தொடையின் நடுவில் இருந்தது. அங்கே இருக்கக் கூடாது. நமக்கு உள்ளாடை உட்காருமே, அந்தத் தொடை இடுக்கில்தான் எலாஸ்டிக் உட்காரணும். தொடையில் நின்றால், பிள்ளை காலை உதைக்கும் ஒவ்வொரு உதைக்கும் இடைவெளி திறக்கும். பட்டன் போடும் முன் இரண்டு பக்கமும் விரலை விட்டு எலாஸ்டிக்கை இடுக்குக்குள் தள்ளிவிடுங்கள். உள்துணி ஒரு நூல்கூட வெளியே எட்டிப் பார்க்காமல் தடவிப் பாருங்கள். வயிற்றில் இரண்டு விரல் நுழைந்தால் போதும். ஆண்பிள்ளை என்றால் குஞ்சு கீழ்நோக்கி இருக்கும்படி சரிசெய்துவிட்டு மூடணும், துணியின் மடிப்பையும் முன்பக்கம் கூட்டி வைக்கணும். பெண்பிள்ளைக்கு நடுவில். மைக்ரோஃபைபர் ஸ்பாஞ்சு மாதிரி, மடியிலும் இடுப்பிலும் அழுந்தினால் பிழிந்து வெளியே விட்டுவிடும். பருத்தி அவ்வளவு விடாது. தூக்கிக்கொண்டு போகும் பயணத்துக்குப் பருத்திதான். மைக்ரோஃபைபரைப் பைக்குள் இல்லாமல் நேராகத் தோலில் படவும் விடக் கூடாது, தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக் காயவைத்துவிடும்.

பகலில் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கக்கா போனால் உடனே. ராத்திரிக்கு மேலே வேட்டித் துணி இரண்டு, அடியில் ஒரு ஹெம்ப் பட்டை. மேல்துணி சட்டென்று வாங்கிக்கொள்ளும், ஹெம்ப் மெதுவாகக் குடித்தாலும் நிறையக் குடிக்கும். தலைகீழாக வைத்தால் ஹெம்ப் வாங்கும் முன்பே பக்கவாட்டில் வழிந்துவிடும். தோல் சிவந்தால் கொஞ்ச நேரம் எதுவும் கட்டாமல் பாயில் விடுங்கள். துத்தநாகக் களிம்பு தடவினால், துணிக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய பழந்துணி ஒன்றைப் போடுங்கள், இல்லாவிட்டால் டயப்பர் களிம்பைக் குடித்துவிட்டு மூத்திரத்தைக் குடிக்காது. பவுடர் வேண்டவே வேண்டாம், பிள்ளை மூச்சில் இழுத்துவிடும். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரி மாதிரி புள்ளிகள் வந்து, இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். டாக்டரிடம் போய்விடுங்கள்.

தூர ஊர்ப் பயணத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் கடை டயப்பர் நானும் போட்டிருக்கிறேன். அதைக் குற்றமாக நினைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கண்மாயை நான் பார்த்துவிட்டேன். சின்ன வயதில் நீச்சல் பழகிய மடைப் பக்கம், தண்ணீர் வற்றிய சேற்றில், வீசியெறிந்த டயப்பர்கள் தலையணை மாதிரி ஊதிக் கிடந்தன. ஒன்றை ஒரு நாய் கிழித்துப்போட்டிருந்தது. உள்ளே இருந்த பாலிமர் பசை ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி சேற்றில் பரவியிருந்தது. கிராமத்தில் அதை எரிப்பார்கள், இல்லாவிட்டால் இப்படி. மதுரையில் சேர்வது எல்லாம் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போகும். கடை டயப்பர் போடுகிறவர்கள் தாளில் சுற்றி, தனியாகத் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள். மற்ற குப்பையோடு கலந்தால் இன்னொருவர் வெறுங்கையால் அதைப் பிரிக்க நேரும்.

என் தங்கச்சிக்கு ஆவணியில் பேறுகாலம். போன வாரம் போன் செய்து, "அக்கா, நீ வாங்குன வேட்டியே எனக்கும் இருபத்து நாலு தச்சுக் கொண்டா" என்றாள். வேட்டி வாங்கும் முன் திருநகரில் இருக்கும் அவள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிலும் சோப்புத் துண்டுமாகப் போனேன். அவள் வீட்டுக் குழாயில் பிடித்துக் குலுக்கியதும் நுரை பாட்டில் கழுத்துவரை ஏறி நின்றது, அடியில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. மாடியில் அவளுக்குக் கொடி கட்டத் தூணும் இருக்கிறது, மெஷினும் இருக்கிறது. முதல் ஒரு மாதத்துக்குத் தாத்தா வேட்டியில் ஆறு துணியை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்குப் பட்டையோடு வரும் பாக்கெட் டயப்பரையே வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.